இழுத்தால் அறும் நூல்

தம்பி,

உன்னைக் குளிப்பாட்டும்போது யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். குழந்தையாக இருக்கும்போது இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிறு இற்றுப்போனால், புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்போம். ஒரு நிமிடம்கூட வெறும் இடுப்பாக விடமாட்டோம். மாற்றுக் கயிறு இல்லாமல் அறுத்து எடுப்பது உயிர் போனவனுக்கு மட்டும்தான். உன் மச்சினன் என்னைப் பார்த்து, "அண்ணன் மொறைக்கு நீங்கதானுங்க இருக்கறீங்க, வாங்க" என்றான். நான் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். அழப் போகிறேன் என்று விட்டுவிட்டார்கள். அங்கே கூடியிருந்தவர்களில் கயிறு அறுத்துக் கைப்பழக்கம் உள்ள ஒரே ஆள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நாற்பது நாள் ஆகிவிட்டது. இன்று காலை கடையில் தார்பாய் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். துணியில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். சரக்கு வாங்க வந்த லாரிக்காரர், "என்னுங்க, அளவு மறந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். வெட்டும் வேலையைக் கடை ஆளிடம் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சங்ககிரியில் என்னைத் தார்பாய், கயிறு, கொக்கி விற்கிறவனாகத்தான் தெரியும். பேரம் பேசினால் இறங்கமாட்டேன் என்றும் தெரியும். அதற்கு முன்னால் ஐந்து வருடம் பையன்களுக்கான கூர்நோக்கு இல்லத்தில் காவல் வேலை பார்த்தேன் என்றால் சிரிக்கிறார்கள். உயரமான மதில், இரண்டு இரும்புக் கதவு, ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். வழக்கு நடக்கிற வரைக்கும் பதினெட்டு வயது ஆகாத பையன்களை அங்கே வைத்திருப்பார்கள். நம் இருவருக்கும் ஒப்பந்த வேலைதான். நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து நீ வந்தாய். என்னைவிட ஏழு வயது இளையவன். வந்த முதல் வாரமே நீ இந்த வேலைக்கு ஆகமாட்டாய் என்று நான் முடிவு கட்டினேன்.

காரணம் இருந்தது. ஷிப்ட் மாறும்போது பையன்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவோம். ஒன்று, இரண்டு என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போகவேண்டும். நீ எண்ணுக்குப் பதிலாக, "வெளிய போனதும் மொதல்ல என்ன திங்கறதுன்னு சொல்லுங்கடா" என்பாய். பரோட்டா, ஊத்தப்பம், கோழிக் குழம்பு என்று வரிசை ஓடும். ஒருநாள் முப்பத்தொரு பையன்களுக்கு முப்பத்திரண்டு வந்தது. நமக்கு வேர்த்துவிட்டது. மூன்று முறை எண்ணிய பிறகுதான் கடைசியில் நின்றவன் இரண்டு ஐட்டம் கேட்டான் என்று தெரிந்தது. "அளவாக் கேளுடா, அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்துரும்" என்று நீ அவன் தலையில் தட்டினாய். நான் உன்னைத் திட்டிய திட்டு சமையல்கட்டு வரைக்கும் கேட்டதாம்.

புதிதாக வருகிறவனைச் சோதனை போடுவது என் வேலை. பெல்ட், செருப்பு, செயின் எல்லாவற்றையும் வாங்கி எழுதி வைக்க வேண்டும். உள்ளே கயிறு என்று எதுவும் போகக் கூடாது. மனம் உடைந்த பிள்ளை எதையாவது செய்துகொள்ளும் என்ற பயம்; அந்த விதி நியாயமானதுதான், இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அதனால் அரைஞாண் கயிற்றையும் அறுத்துவிடுவேன். நாள்பட்டு இறுகிய முடிச்சை அவிழ்க்க யாருக்கு நேரம்? கத்துவார்கள், உதைப்பார்கள், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மூன்றாமவன் அறுப்பான். அந்த மூன்றாமவன் நான்.

தம்மம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்களே, அவன் பெயரை இப்போதும் எழுதமாட்டேன். பதினைந்து வயது. பைக் திருட்டில் கூட இருந்தவன். கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து. "அண்ணா, அது மட்டும் வேணாண்ணா, எங்கம்மா கட்டுனது" என்றான். எல்லாரும் சொல்வதுதானே என்று கத்தரிக்கோலை நுழைத்தேன். அவன் கத்தவில்லை, உதைக்கவில்லை. வேலை சுலபமாக முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு பையன் சாப்பிடாவிட்டால் அலுவலகத்தில் சொல்லவேண்டும். டாக்டர் வருவார், யார் என்ன செய்தார் என்று கேள்வி வரும். வாடகை வீடு, இரண்டு குழந்தைகள், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை எனக்கு. சாப்பாட்டு நோட்டில் அவன் பெயருக்கு நேரே 'சாப்பிட்டான்' என்று எழுதினேன். எல்லா வேளைக்கும் எழுதினேன்.

மூன்றாம் நாள் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாய்.

"ஏனுங்ணா, இவன் எல்லா வேளையும் சாப்புட்டான்னு போட்டிருக்குது?"

"பசிச்சாத் தானாத் திம்பான். புதுசா வர்றவனுக ரெண்டு நாளைக்கு ஆட்டங் காட்டறதுதான்."

"ஆட்டங் காட்டறவன் தட்டத் தூக்கி எறிவானுங்ணா. இவன் பக்கத்துப் பையனுக்குத் தள்ளி உட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கறான்."

நீ போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். நான் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீ எதை எதையோ பேசிப் பார்த்தாய். கடைசியில் அவன் வாயைத் திறந்தான்.

"செத்தவனுக்கு எதுக்குண்ணா சோறு?"

"யாருடா சாமி செத்தது?"

"நாந்தான். அதான் அந்த அண்ணன் கயித்த அறுத்துட்டாரே. வேற கட்டாம அறுத்தா என்னா அர்த்தம்?"

வெளியே வந்து, "எமனுக்கு எப்பங்ணா அசிஸ்டெண்டாச் சேந்தீங்க?" என்று என்னைக் கேட்டாய். உன்னை அடிக்கக் கை வந்தது எனக்கு. நீ நோட்டை என் கையில் கொடுத்தாய். "ஆபீசுல நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க. நான் சொன்னா உங்களுக்கு மெமோ. நீங்களாப் போனாத் திட்டோட போயிரும். பையன் கண்ணு உள்ள போயிருச்சுங்ணா, இனி நேரமில்லை." வியாபாரம் நான் பிறகு கற்றுக்கொண்டது, இடம் பார்த்துப் பேச உனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

போனேன். கண்காணிப்பாளர் திட்டினார், அரை மணி நேரம் நின்றபடி வாங்கிக்கொண்டேன். டாக்டர் வந்தார். கஞ்சி கொடுக்கச் சொன்னார். மறுநாளும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்றார். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை நீ திருச்செங்கோட்டிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன நூல் சுற்று இருந்தது. உங்கள் வீட்டுத் தறியில் ஓடுகிற ஒற்றை இழைப் பருத்தி நூல். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்திருந்தாய். நேராகக் கண்காணிப்பாளர் மேசைக்கு முன் போய், ஒரு முழம் எடுத்து, சுண்டு விரலில் சுற்றி இழுத்தாய். பட்டென்று அறுந்தது.

"இதுல ஒரு எலியக்கூடக் கட்டி வெக்க முடியாதுங்கய்யா."

"அப்பறம் எதுக்குய்யா கட்டறது?"

"கட்டுனமா இல்லியாங்கறதுதானுங்கய்யா கணக்கு. கனத்த யாரு பாக்கறா? இதக் கட்டி உட்டுட்டு அவனவன் கயித்த அவனே அவுக்கட்டும். பேர் எழுதிக் கவருல போட்டு வெச்சு, போறப்பக் குடுத்துருவோம்."

அவர் யோசித்தார். நான் குறுக்கே புகுந்தேன். "ஐயா, ஒவ்வொருத்தன் வர்றப்பவும் மூணு ஆளு வேண்டியிருக்குது. இது இருந்தா ஒருத்தர் போதுமுங்க." அவர் உடனே தலையாட்டினார். உன் நூலை விற்றுக்கொடுத்தது நான்தான். அதைப் பின்னால் எத்தனை தடவை உன்னிடம் சொல்லிக் காட்டியிருப்பேன்!

நூலை உன்னிடமிருந்து வாங்க நான் கை நீட்டவில்லை. நீதான் என் கையில் திணித்தாய்.

"நீங்கதாங்ணா கட்டோணும்."

"மாப்புக் கேக்கச் சொல்றயா? ரூல்படிதாண்டா அறுத்தேன்."

"மாப்பெல்லாம் வேண்டாமுங்ணா. நான் கட்டுனா என்னமோ நான் பிரியமாச் செஞ்சதாப் போயிரும். அறுத்த கை கட்டுனாத்தான் அவனுக்குக் கணக்குச் சரியாகும்."

அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மற்ற பையன்கள் எல்லாம் எட்டி நின்று பார்த்தார்கள். முதல் தடவை முடிச்சை இறுக்கினேன், நூல் அறுந்தது. இரண்டாவது தடவையும் அறுந்தது. பையன்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "லாரிக்கு லோடு கட்டறீங்களா? மெதுவாங்ணா" என்றாய். மூன்றாவது தடவை நின்றது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். விரலால் தொடப் பயந்தான்.

"அறுந்துபோச்சுன்னா?" என்று உன்னைக் கேட்டான்.

"அறுந்தா வேற கட்டிக்கலாம். ஊட்டுல தறியே ஓடுது சாமி."

கஞ்சி டம்ளரை அவனே எடுத்தான். பாதி குடித்துவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டான். நீ சமையல்கட்டுக்கு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அன்றைக்கு நோட்டு எழுதவே எனக்கு மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். வருகிற ஒவ்வொருவனுக்கும் நூல் கட்டினோம். குளிக்கும்போது அறும், விளையாடும்போது அறும். "அண்ணா, அறுந்துருச்சு" என்று வந்து நிற்பார்கள், நீ கட்டிக்கொண்டே இருப்பாய். அந்தத் தம்மம்பட்டிப் பையன் ஜாமீனில் போன அன்று, அறுந்த கறுப்புக் கயிற்றைத் தாயத்தோடு நீ கவரில் போட்டுக் கொடுத்தாய். வெளியே அவன் அம்மா புதுக் கயிற்றோடு நின்றாள். அவன் மதிலுக்கு வெளியே, ரோட்டிலேயே சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்று கட்டிக்கொண்டான். அதன் பிறகு அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக ஆனான் என்று எழுத ஆசைதான். தெரியாததை எழுதக் கூடாது.

நான் தார்பாய்க்கு வந்தேன், நீ அங்கேயே இருந்துவிட்டாய். "இந்தச் சம்பளத்துல எதுக்குடா கெடக்கற, கடைக்கு வா" என்று எத்தனை முறை கூப்பிட்டேன். "வாரேனுங்ணா, வாரேனுங்ணா" என்பாய். வருவது டீ குடிக்கத்தான். நெஞ்சு வலி என்று நீ சொன்னதைக்கூட வாயு என்று நினைத்து, ஓமம் மெல்லச் சொல்லி அனுப்பினேன். அது எனக்குள் கிடக்கிறது. அதை இங்கே கிளறவில்லை.

கடையில் நாலு பேர் இருக்கும்போது இந்தக் கதையை நீ எடுப்பாய். நான் உடனே, "வேல போயிருமேன்னு பயந்து கட்டுனேன், வேற ஒரு மண்ணும் இல்லை" என்பேன். "ஆமாங்ணா, ஆமாங்ணா" என்று டீயை ஊதிக் குடிப்பாய். நான் சொன்னது பொய்யில்லை. பயத்தில்தான் முட்டி போட்டேன். ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

மூன்றாவது முடிச்சைப் போட்டபோது என் புறங்கை அவன் வயிற்றில் பட்டது. அடி விழப் போகிறது என்று நினைப்பவன் வயிறு எப்படி ஒட்டிக்கொள்ளும், அப்படி உள்ளே போனது. அதுவரைக்கும் எத்தனை பிள்ளைகளின் இடுப்பில் கை வைத்திருக்கிறேன், ஒரு வயிற்றையும் நான் கவனித்ததில்லை. முடிச்சு விழுந்துவிட்டது. அவனும் நீயும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் கையை எடுக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் மூச்சை விட்டான். வயிறு மெதுவாக இறங்கி வந்து என் கையில் சாய்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இருபது வருடம் கயிறும் இரும்பும் பிடித்துக் காய்த்துப்போன கைதான், ஆனாலும் அந்த இடம் எது என்று இப்போதும் என்னால் தொட்டுக் காட்ட முடியும், தம்பி.