பெரியம்மா போட்ட கையெழுத்து

ஆவணி, சனிக்கிழமை

மஞ்சக்குப்பம் மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில் இன்று என் முதல் நாவலுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் பெரியம்மாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நாவலில் வரும் மீன்காரி மல்லிகா அவள்தான். குடித்துவிட்டு அடித்த புருஷனைத் துரத்திவிட்டு, சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று, இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன். படிக்கத் தெரியாதவள் என்ற தைரியம்தான், வேறென்ன.

"சின்னவ முழுசா படிச்சுக் காட்டுனா," என்றாள்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். "மன்னிச்சுக்க பெரிம்மா. கேட்டுட்டு எழுதியிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான். அவன வெளிய தள்ளி கதவ சாத்துனது நானு. மழையில கூடை தூக்குனது நானு. நீ எவளோ மல்லிகான்னு போட்டிருக்க. எம்பேரப் போட ஒனக்கு என்னாடி வெக்கம்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் குரலைக் குறைக்கவில்லை.

அடுத்த பதிப்பில் மாற்றலாமா என்று பக்கத்தில் இருந்த பதிப்பாளரைக் கேட்டேன். "அவுங்களுக்குச் சம்மதம்னா எனக்கென்னங்க," என்றார்.

"பூங்காவனம்னு போடுங்க சார். கொட்ட எழுத்துல," என்றாள் பெரியம்மா.

பின்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி தன் புத்தகத்தை என்னிடம் நீட்டவில்லை, அவளிடம் நீட்டினாள். பெரியம்மா கூச்சப்படவே இல்லை. என் பேனாவை வாங்கி, மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள், அச்சிட்ட என் பெயருக்கு மேலே. எனக்குத் தாங்க முடியாத பெருமை.