நிரப்பாமல் விட்டிருக்க வேண்டிய கட்டம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன்.

மேலே ஊரும் தேதியும் இல்லையே என்று பார்க்காதே. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். நானும் அப்பாவும் நலம். இந்தக் கடிதத்தை அப்பா உன் கையில் கொடுத்ததும், முதல் வேலையாக உன் போனை அணைத்து, உள்ளே இருக்கும் சிம்மைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிடு. காரணம் கேட்டு அவரைப் படுத்தாதே. அவருக்குச் சொல்ல வராது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்து, கடைசியில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். சிம்மைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை அவன் இங்கே வந்தான். உன் புருஷன் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

பதினோரு மணி இருக்கும். அப்பா ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று சரிசெய்யக் கூப்பிட்டதால் போயிருந்தார். கேட் சத்தம் கேட்டு வெளியே வந்தால், நம் புதுக் காரின் பானெட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். "வண்டி நல்லா இருக்கு அத்தை. ஃபுல் பேமெண்ட்டாமே, லோனே வேண்டாம்னுட்டீங்களாமே" என்றான். எட்டு மாதம் கழித்து வந்தவனுக்கு அத்தை என்று கூப்பிட எவ்வளவு உரிமை பார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவளும் நல்ல வேலையிலதான் இருக்கா போல. கண்ணாடிக் கடையில. ஞாயித்துக்கிழமை நேரா போய்க் கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன்" என்றான். உன் ஊரின் பெயரைச் சொன்னான். உன் நம்பரின் கடைசி நான்கு எண்களை, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பிறகு ஷூவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் புது நம்பர் தெரிந்தவர்கள் நீ, நான், அப்பா, உன் கடை முதலாளியம்மா, இவ்வளவுதான். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் யாரையும் சந்தேகப்படவில்லை. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான். சொல்லக்கூட இல்லை, எழுதியே கொடுத்திருக்கிறேன்.

உடனே உன் கடைக்குப் போன் செய்தேன். நீ லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாயாம், உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று முதலாளியம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அப்பா வருகிற வரைக்கும் உன்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கடையில் சரக்கு எண்ண வேண்டும் என்று உன்னிடம் பொய் சொல்லித் தன் வீட்டில் தங்க வைத்திருப்பார். அவர் மேல் கோபப்படாதே. பொய் என் யோசனை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் காரை எதற்கு வாங்கினோம் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பார்க்க வர பஸ்ஸில் டிக்கெட் போட்டால் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் கேட்கிறார்கள். போன முறை பஸ் நிலையத்தில் அவனுடைய கூட்டாளி ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் பயணம் என்று வழிந்தான். அன்றைக்கே முடிவு செய்தேன். ரிட்டயர் ஆனபோது வந்த பணம் இருக்கிறது, யாரிடமும் டிக்கெட் கேட்காமல் என் பெண்ணைப் போய்ப் பார்க்க ஒரு வண்டி வேண்டும். அவன் வண்டி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்பதால் நம் ஊரில் எந்த ஷோரூமையும் மிதிக்கவில்லை. ஒரு மணி நேரம் போய்ப் பக்கத்து ஊரில் வாங்கினோம். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு.

அங்கே டை கட்டிய ஒரு பையன் நான்கு பக்க விண்ணப்பத்தை நீட்டினான். சம்பளம் எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு, எந்த வங்கி, ஆறு மாத ஸ்டேட்மெண்ட், சொந்த வீடா வாடகையா. நான் கேட்டேன், முழுத் தொகையையும் வைத்துவிட்டு வண்டியை எடுக்கிறவளுக்கு என் பென்ஷன் எதற்கு, எனக்கு நீ கடனா கொடுக்கிறாய் என்று. "அது ஃபார்மாலிட்டி மேடம். எல்லா பேஜும் ஃபில் பண்ணாதான் சிஸ்டம் எடுத்துக்கும்" என்றான். சிஸ்டமாம். என்னிடமா? ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவளிடமா?

வண்டியைப் பதிவு செய்ய என்ன வேண்டும் என்று கேட்டேன். பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் என்றான். அதைத் தவிர ஒன்றும் கிடையாது என்று சொல்லி, கடன் சம்பந்தப்பட்ட இரண்டு பக்கங்களிலும் மூலைக்கு மூலை கோடு இழுத்தேன். அட்டை நகலின் குறுக்கே "இந்த வண்டியின் பதிவுக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். பையனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைப் பெருமையாகக் குடித்தார்.

அதோடு எழுந்திருந்தால் நான் மனுஷி. முதல் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. உங்களுடன் வசிக்காத உறவினர் இருவர். பெயர், உறவு, தொழில், ஊர், போன் நம்பர்.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் படிவத்தை டாக்டரிடமே திருப்பி அனுப்புவேன். பெரிய டாக்டர்களெல்லாம் என்னைக் காலிக் கட்டம் என்று பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள், அதிலே எனக்கு ஒரு கர்வம் வேறு. கோடு போட்ட பக்கங்கள் கடன் பக்கங்கள், அவை எனக்கு இல்லை. ஆனால் இது முதல் பக்கம். முதல் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் கட்டத்தைப் பார்த்ததும் பேனா தானாக ஓடிற்று. முதலில் உன் மாமாவை எழுதினேன். இரண்டாவதாக உன்னை எழுதினேன். மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். ஊர். நம்பர். அப்பா என் முழங்கையைத் தொட்டு, அவ நம்பர் எதுக்கு என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியாதா, சும்மா இருங்கள் என்று அவர் மேல் விழுந்தேன். அந்த டை கட்டிய பையன் முன்னால்.

நீ இப்போதுதான் எழுந்து நின்றிருக்கிறாய், உனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசையாக இருந்திருக்கும். எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லையே. அந்தக் கட்டம் கேட்டது, சொல்லிவிட்டேன்.

போன வாரம் உன் மாமா போன் செய்து, சீட் கவர் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று யார் யாரோ கூப்பிடுகிறார்கள், நான் எப்போது கார் வாங்கினேன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நேற்று அவன் போனதும் அப்பாவை வரச் சொல்லி, நேரே அந்த ஷோரூமுக்குப் போனேன். மேலாளர் அறையில் கண்ணாடி மேஜை, பிளாஸ்டிக் பூ. என் விண்ணப்பத்தை யார் யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். உட்காருங்கள் மேடம், டீ சாப்பிடுங்கள் என்றான். டீ வேண்டாம், பதில் வேண்டும் என்றேன். மேலாளர் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஒரு வரியைக் காட்டினான். என் விவரங்களை அவர்களுடைய வணிகக் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ள எனக்குச் சம்மதமாம். "எல்லா எடத்துலயும் இதுதான் மேடம் நடக்குது, யாரும் இப்படி வந்து கேட்டதில்ல" என்றான். யாரும் கேட்காததால்தானே உனக்கு இவ்வளவு தைரியம் என்றேன். வெளியே வண்டி பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகவே பேசினேன்.

கூட்டாளிகளைக் காட்டு என்று விடாமல் நின்றேன். இன்ஷூரன்ஸ் மேஜையில் இருந்த பெண் தயங்கித் தயங்கித் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. சுற்று வட்டாரத்து ஏஜெண்டுகள் பதினோரு பேர். என் விண்ணப்பத்தின் முதல் பக்கம் போட்டோவாகக் கிடந்தது. ஓரத்தில் படம் எடுத்தவனின் கட்டை விரல். நடுவில் என் கையெழுத்தில் உன் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல், எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல். பதினோரு பேரின் படங்களில் ஆறாவதாக அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

எல்லோருக்கும் அழிகிற மாதிரி அழித்துவிட்டோம் மேடம் என்று மேலாளர் என் கண் முன்னாலேயே அழித்தான். என் பெண்ணின் ஊரை அவன் மண்டையிலிருந்து எப்படி அழிப்பாய் என்று கேட்டேன். விண்ணப்பத்தின் அசலை வாங்கிக்கொண்டேன். மூன்று பிரதியில் புகார் எழுதி, ஒன்றில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன். இதை நான் விடப்போவதில்லை. எந்த அலுவலகத்தின் படியாக இருந்தாலும் ஏறுவேன், எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது.

கிளம்பும்போது அந்த இன்ஷூரன்ஸ் பெண் வாசல் வரை கூடவே வந்தாள். "அந்தக் கட்டத்துல யாரும் உண்மைய எழுத மாட்டாங்க ஆன்ட்டி. ஒன்பதையே பத்து தடவ எழுதிட்டுப் போயிடுவாங்க. நாங்களும் வாங்கிக்குவோம்" என்றாள். பத்து ஒன்பது. அவ்வளவுதானாம். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். நான்தான் சொன்னேனே என்று ஒரு முறையாவது அப்பா சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் இடது காது கேட்காமல் போனபோது எங்கள் ஆஸ்பத்திரியில்தானே பார்த்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நீ சொன்னாய், டாக்டர் அப்படியே எழுதினார், நான் அதை நம்பர் போட்டு அலமாரியில் வைத்தேன். நீ வீட்டை விட்டு வந்த மறுவாரம் அவன் என் ஜன்னலில் வந்து நின்று அந்தக் கோப்பைக் கேட்டான். புருஷன் நான், எனக்கு உரிமை இருக்கிறது என்று கத்தினான். நோயாளியின் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள்கூட இந்த ஜன்னலைத் தாண்டாது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். அன்றைக்கு உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அவன் கத்திக் கேட்டும் நான் கொடுக்காததை, ஒரு டை கட்டிய பையன் டீ கொடுத்ததும் கொடுத்துவிட்டேன் அம்மா.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன், மேலே அந்தக் கறுப்பு அதுதான். நீ மன்னிப்பாய் என்று தெரியும். அதற்காக எழுதவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வரும்போது நீ அந்த ஊரில் இருக்கக் கூடாது. உன் முதலாளியம்மாவுக்கு வேறு ஓர் ஊரில் தங்கை இருக்கிறாராம், அவரும் கண்ணாடிக் கடைதானாம், உன்னை உடனே சேர்த்துக்கொள்வாராம். எந்த ஊர் என்று போனில் சொல்ல வாயெடுத்தார். சொல்லாதீர்கள் என்று நான் நிறுத்தினேன். பாவம், நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அப்பாவோடு காரில் கிளம்பு. நம் வண்டி நம்பர் அவனுக்குத் தெரியும், அதனால் புது ஊர் வரை இந்த வண்டி வரக் கூடாது. நீ சொல்லும் ஏதாவது ஒரு கூட்டுச் சாலையில் அப்பா உன்னை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கண்ணாடியில்கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பார்ப்பார். பார்த்தால் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போ. நானும் வந்திருப்பேன். வீடு பூட்டிக் கிடந்தால் அவன் இன்றைக்கே கிளம்பிவிடுவான், அதனால் வாசலில் நாற்காலியைப் போட்டு எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

பின் சீட்டில் உன் சால்வை, இரண்டு புடவை, கண் சொட்டு மருந்து வைத்திருக்கிறேன். பையில் இருக்கிற கவரை வழியில் திறக்காதே, போய்ச் சேர்ந்த பிறகு பார். புது இடத்தில் யாராவது ஒரு படிவத்தை நீட்டினால், உனக்குத் தேவையானதை மட்டும் எழுது. அம்மா பெயர் கேட்டால் எழுதாதே. கட்டாயம் என்றால் வேறு ஏதாவது ஒரு பெயரை எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குக் கடிதம் போடாதே. வெற்றுத் தாளாவது அனுப்பச் சொல்லலாம் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். உறையின் மேல் தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் விழும். அதனால் அதுவும் வேண்டாம். அவன் மறுபடி வந்து அவ எங்க என்று கேட்பான். எனக்குத் தெரியாது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும். அதனால் அது உண்மையாகவே இருக்கும்படி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ஹாரன் அடிக்கிறார். நன்றாக இரு அம்மா. எங்கே இருக்கிறாய் என்பதை மட்டும் என்னிடம் காலியாக விட்டுவிடு.

இப்படிக்கு,
அம்மா