செப்புச் சுருளுக்கு மடி

27 செப்டம்பர் 1997, சனி
ஈஸ்ட் பிரன்ஸ்விக், மகள் சுதா வீடு. காலையில் தூறல், பிறகு வெயில். ஸ்வெட்டர் போட்டால் வியர்வை, கழற்றினால் குளிர்.

பழைய பேப்பர் கட்டி வைக்கக் கராஜுக்குப் போனேன். மூலையில் படுக்கை விரிப்பால் மூடிய ஏதோ ஒன்று. தூக்கிப் பார்த்தால் ஒரு அண்டா, பெரிய கண்ணாடி ஜாடி, ஸ்பிரிங் போலச் சுற்றிய செப்புக் குழாய். பள்ளியில் பிசிக்ஸ் நடத்தியவனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மூடிவிட்டுத் திரும்பினால் பின்னால் கோமதி.

"ஏன்னா, மாப்பிள்ளை சாராயமா காய்ச்சறார்?"

சுதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ அம்மா, சாராயம் இல்ல, பீர். இங்க வீட்டுல பண்ணலாம், லீகல்." அந்தச் சுருள் ஆவியைப் பிடிக்க அல்லவாம், காய்ச்சியதை ஆற வைக்க மட்டும். என் பிசிக்ஸுக்கு முட்டை மார்க்.

மாப்பிள்ளை ரவி குற்றவாளி போல நின்றார். "நீங்க ஊருக்குத் திரும்பற வரைக்கும் எடுக்க வேண்டாம்னுதான் மாமா இருந்தேன். ஆனா வால்டர் வீட்டை வித்துட்டார். நவம்பர்ல ஒஹையோ போயிடறார், பொண்ணு ஊருக்கு. அவருக்கு ஒரு தடவை நல்லதா பண்ணிக் குடுக்கணும்."

வால்டர் பக்கத்து வீட்டுக்காரர். தனி ஆள். காலையில் கையை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன். அவ்வளவுதான் பழக்கம்.

கோமதி ராத்திரி கராஜ் பக்கக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

28 செப்., ஞாயிறு
துணி மடித்துக்கொண்டே சுதா எங்கள் இருவரிடமும் சொன்னாள். முன்பு ஒரு குளிர்காலம் முழுக்க ரவிக்கு வேலை இல்லையாம். கம்பெனியில் ஆள் குறைப்பு. எங்களுக்கு எழுதவே இல்லை. "எழுதி என்னப்பா ஆகப்போறது? நீங்க திருச்சில தூங்காம இருப்பேள்." இவள் ஆபீஸ் போனதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாராம். போன் பண்ணினால் எடுக்க மாட்டாராம். ஒருநாள் வால்டர் வேலிப் பக்கம் வந்து, அண்டா தூக்க ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். அன்று முதல் தினமும் மத்தியானம் அங்கே. பீர் காய்ச்சக் கற்றது அப்போதுதான். வேலை கிடைத்ததும் வால்டர் தன் சுருளையே தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.

திருச்சியில் நான் அந்தக் குளிர்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன்? மாப்பிள்ளை சௌக்கியம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சௌக்கியமாகத்தான் இருந்திருக்கிறார், முன்பின் தெரியாத ஒருவர் தயவில்.

3 அக்., வெள்ளி
குளிர். இலையெல்லாம் மஞ்சள். பல் டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும், மறக்கக் கூடாது.

ரவியின் கவலை: கடைசியாகப் பண்ணிய இரண்டு தடவையும் பீர் புளித்துப்போயிற்று. சந்தேகம் சுருள் மேல். காய்ச்சிய பார்லித் தண்ணீர் அதன் உள்ளே ஓடும், வெளியே ஐஸ் தண்ணீர். உள்ளே படிவது கண்ணுக்குத் தெரியாது. இதுவும் புளித்தால், வால்டர் கிளம்புவதற்குள் மறுபடி பண்ண நாளும் இல்லை.

சாயங்காலம் இருவருமாகக் கழுவினோம். சுடுநீரில் சலவை சோடா, புனல் வைத்து ஊற்றினோம். முதலில் வந்தது கறுப்பும் பச்சையுமாக, பீரில் போடும் இலையின் தூளோடு. தெளியும்வரை ஊற்றினோம். பிறகு நல்ல தண்ணீர். நாளைக்கு இன்னொரு தரம் அயோடின் தண்ணீர் விட வேண்டுமாம். "இது க்ளீனிங் மாமா. அது சானிடைசிங். ரெண்டும் வேற." கரும்பலகை உதாரணம் சொன்னேன்: டஸ்டரால் அழித்தால் எழுத்து போகும், ஈரத்துணி போட்டால்தான் மாவும் போகும். சரியான உதாரணம் இல்லை. அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

4 அக்., சனி
நல்ல வெயில். காய்ச்சும் நாள். வீடெல்லாம் ஹார்லிக்ஸ் வாசனை.

கோமதி அடுப்படிப் பக்கம் வர மாட்டேன் என்றவள். "கஷாயம் ஆச்சான்னு கேளு" என்று சுதா மூலம் மட்டும் விசாரணை. இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையோடு நேரே அவள் பேசியது குறைவு. எல்லாம் "உங்காத்துக்காரர்ட்ட சொல்லு" வழிதான்.

ரவி சுருளுக்குள் அயோடின் தண்ணீரை ஓடவிட்டார். ஆஸ்பத்திரி நெடி. ஜாடிக்குள் போக வேண்டிய குழாய் நுனியை அதிலேயே ஊற வைத்தார். எடுத்தார். ஓவன் கைப்பிடியில் தொங்கிய துண்டால் நுனியைத் துடைத்தார்.

"மாப்பிள்ளை, தொடாதேங்கோ."

எல்லாரும் திரும்பினோம். வாசற்படியில் கோமதி.

"அந்தத் துண்டுல ஆத்துல எல்லாரும் கை துடைக்கறா. மடியா எடுத்ததை விழுப்புத் துணியால துடைப்பாளோ? குளிச்சு மடி கட்டிண்டு வந்து போஸ்ட்மேனைக் கட்டிண்ட மாதிரி."

ரவி துண்டைப் பார்த்தார், நுனியைப் பார்த்தார். "அயோடின் வாசனை பீர்ல இறங்கிடுமேன்னு ஒவ்வொரு தடவையும் துடைப்பேன் மாமி." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உதறிட்டு விடுங்கோ. தானா வடியும்."

நுனி மறுபடி அயோடினுக்குள். சுதா: "அம்மா, நீ பீருக்கு மடி பாக்கற." கோமதி: "பாத்திரத்துக்குப் பாக்கறேன். அந்த மனுஷருக்குப் புளிச்சதையா குடுத்து அனுப்பறது?"

என் கரும்பலகையைவிட ஆயிரம் மடங்கு நல்ல உதாரணம். கழுவினது வேறு, கழுவியபின் வேறெதுவும் படாமல் காக்கிற மடி வேறு. இதே மடியைச் சொல்லி மனிதர்களை வாசலில் நிறுத்தியதும் உண்டு, அதற்கு நான் என்றும் பரிந்து பேச மாட்டேன். குழாய்க்குப் பொருந்துகிறது.

18 அக்., சனி
மழை. பாட்டிலில் அடைத்தோம். பாட்டில், மூடி, குழாய் எல்லாம் மறுபடி அயோடினில். மேற்பார்வை கோமதி. நான் மூக்கைச் சொறிந்ததற்குக் கை கழுவ அனுப்பப்பட்டேன்.

ரவி ஒரு வாய் ருசி பார்த்தார். "புளிப்பு இல்ல." இன்னொரு வாய். "இப்பதான் இல்ல. பாட்டில்ல என்ன ஆகும்னு தெரியாது."

பல் டாக்டர்: செவ்வாய் பத்து மணி.

30 அக்., வியாழன்
தீபாவளி. பட்டாசு கிடையாது. எண்ணெய் ஸ்நானம், பஜ்ஜி. ரவி லீவு போடவில்லை. ராத்திரி வந்ததும் கராஜுக்குப் போய் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, திறக்காமலே வைத்துவிட்டு வந்தார். "சனிக்கிழமை அவரே திறக்கட்டும் மாமா."

1 நவ., சனி
மேகமூட்டம். காற்று.

வால்டர் மத்தியானம் வந்தார். சாமான் லாரி காலையிலேயே போய்விட்டது. கராஜில் மடக்கு நாற்காலிகள். ரவி ஊற்றினார். நல்ல நுரை. வால்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். ரவி பாட்டிலைக் கீழே வைக்கவே இல்லை.

"ரவி, இது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். தம்ளர் காலி.

நான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில் ரவிக்கு நீங்கள் இருந்தீர்கள், எங்களுக்குத் தெரியாது, தாமதமான நன்றி.

வால்டர் தம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்து சில வாரம்தானாம். மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வேலிப் பக்கம் வந்திருக்கிறார். வேலை நாளில் ஒரு ஆள் ஜன்னலில் தெரிந்தார். "கடவுளே, யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறார், நன்றி என்றேன். அந்த அண்டாவை நான் தனியாகவே தூக்குவேன், சார்."

ரவி அவர் தம்ளரை மறுபடி நிரப்பினார்.

கோமதிக்குத் தமிழில் சொன்னேன். உள்ளே போனவள், ஒரு தட்டு நிறையத் தேன்குழல் கொண்டுவந்து வால்டர் மடியிலேயே வைத்தாள்.