தாய்மாமன் இருக்கும் கரை

ஜூன் 9, 2025, திங்கள்

கனடா அமெரிக்காவின் கொல்லைப்புறம் என்று நான் சொன்னதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கனடா அமெரிக்காவுக்கு வடக்கே இருக்கிறது என்று சொன்னேன். அது புவியியல். எதிர்வீட்டுப் பொன்மணி கேட்டாள், சொன்னேன். அவள் ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டு தெருவைக் கடப்பதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும்.

அந்த வாக்கியம் இப்போது கனடாவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் சுதாராணி போன் செய்தாள். "பொன்மணி அத்தை எனக்கு மெசேஜ் போட்டிருக்காங்கம்மா. நீங்களும் அண்ணன் கட்சிதானா?"

நான் எந்தக் கட்சியும் இல்லை. பின்னால் யாரும் திரிக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். மகன் செண்பகராஜ் ஒன்பது வருடமாக அமெரிக்காவில், டெட்ராய்ட்டில். மகள் சுதாராணி ஆறு வருடமாகக் கனடாவில், வின்ட்சரில். நடுவில் ஒரு ஆறு. அவன் வீட்டு ஜன்னலில் நின்றால் அவள் ஊர் தெரியும். ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. காரில் அரை மணி நேரம். ஞாயிறு தவறாமல் அவன் அங்கே போய் இட்லி சாப்பிட்டு வந்தான்.

மார்ச்சிலிருந்து போகவில்லை.

ஜூன் 10

அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆறு வளைந்து ஓடுகிறது. வின்ட்சர் டெட்ராய்ட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே நான் சொன்னதும் முழுச் சரி இல்லை.

பொன்மணியிடம் சொல்ல வேண்டுமா? கேட்டால் சொல்வேன்.

ஜூன் 15

சண்டை எப்படி வந்தது என்று இருவரிடமும் தனித்தனியே விசாரித்தேன். இரண்டும் ஒத்துப்போகின்றன, எனவே உண்மையாக இருக்கலாம்.

அமெரிக்கா கனடா மீது வரி போட்டது. சுதாராணியும் மாப்பிள்ளை கண்ணபிரானும் அமெரிக்கச் சரக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி முகவரி படிக்கிறாளாம். பள்ளிக்கூட நாளில் இந்த அக்கறையோடு அவள் எதையும் படித்ததில்லை. அந்தச் சமயத்தில் குழந்தை யாழினிக்குச் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு தொப்பி போட்டுப் படம் அனுப்பினார்கள். செண்பகராஜ் அதன் கீழே, "ஐம்பத்தோராவது மாநிலத்தின் புதுக் குடிமகள்" என்று எழுதினான். கனடாவை ஐம்பத்தோராவது மாநிலமாகச் சேர்த்துக்கொள்வோம் என்று அமெரிக்க ஜனாதிபதி சொல்லிவந்த பேச்சு அது. மாப்பிள்ளை அன்றே குடும்பக் குழுவை விட்டு வெளியேறினார்.

இந்தக் குடும்பத்தில் கனடாக் குடியுரிமை உள்ள ஒரே ஆள் யாழினிதான். அவள் இதுபற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் ஆகிறது.

ஜூன் 22, ஞாயிறு

காதுகுத்து ஆகஸ்ட் 31 என்று முடிவாகிவிட்டது. பதினோராம் மாதம். இரண்டு நாட்டிலும் மறுநாள் விடுமுறையாம். வின்ட்சரில் ஒரு கோவில் மண்டபம் பேசியிருக்கிறார்கள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு மாற்று கிடையாது. தகப்பன் இல்லாமல் காது குத்தலாம். தாய்மாமன் இல்லாமல் முடியாது. செண்பகராஜுக்குப் போன் செய்தேன்.

"அவ வந்து கூப்பிடட்டும்மா. கூப்பிட்டா வாரேன்."

சுதாராணிக்குச் செய்தேன்.

"எழுதினதுக்கு அவன் மன்னிப்புக் கேக்கட்டும். கேட்டா கூப்பிடுதேன்."

ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே பிரசவ அறையில் பிறந்தவர்கள்.

ஜூலை 6

ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். சொந்த விஷயம் ஒன்றுகூட இல்லை.

செண்பகராஜ் சொல்வது: கனடாக்காரன் எடுத்ததற்கெல்லாம் ஸாரி சொல்லுவான், மனசுக்குள் நம்மை மட்டமாய் நினைப்பான். "டாக்டரப் பாக்க எட்டு மாசம் காத்துக் கிடக்காங்கம்மா. கேட்டா இலவசம்னு பெருமை. பாலைப் பையில ஊத்தி விக்குதான்!" நம் வீட்டுக்கு நாற்பது வருடமாகப் பால் பாக்கெட்டில்தான் வருகிறது. அதைக் குடித்துத்தான் இவன் வளர்ந்தான். நான் குறுக்கிடவில்லை.

சுதாராணி சொல்வது: அமெரிக்காக்காரன் பேசினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். வீட்டுக்கு வீடு கொடி. ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டை விற்க வேண்டும். "ஜூலை மாசத்துல உங்க ஊர்ல பனி கொட்டுதான்னு கேக்குதாங்கம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு. எங்க பிரதமர் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது. போனை வைத்துவிட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் சாத்தூரில் பிறந்தவள். கல்யாணமாகிக் கோவில்பட்டி வந்து இருபது வருடம், "சாத்தூர்க்காரிக்கு உளுந்து நனையப் போடத் தெரியாது" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் ஏறி உட்கார்ந்தால் சன்னலோர இடம் கிடைப்பதற்குள் சாத்தூர் வந்துவிடும். அவ்வளவு தூரம்தான்.

ஜூலை 8

காற்று. தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து ஒரே புழுதி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13

எழுதவே கூச்சமாக இருக்கிறது. தாய்மாமன் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைக்கப் போகிறார்களாம். கனடாக்காரர். வெள்ளைக்காரர். பெயர் கோர்டன். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைக்கு அவரிடம் ஒட்டுதலாம். வேட்டி வாங்கிவிட்டாராம், ஒட்டிக்கொள்ளும் ரகம்.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். நான் ஏட்டி என்று பேசுகிறவள் இல்லை.

"அண்ணனும் வர மாட்டேங்கான், வேற யாரும் உக்காரக் கூடாதுன்னா குழந்தை காது மூளியாவே கிடக்கட்டுமா? கோர்டன் நல்ல மனுசரும்மா."

நல்ல மனிதராக இருக்கலாம். கேள்வி அதுவல்ல. அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து போட்டோவும் எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு செண்பகராஜ் தங்கை வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். அவனை எனக்குத் தெரியும். இவளையும் தெரியும்.

ஜூலை 17

திரு. கோர்டனிடமிருந்து எனக்கு மின்னஞ்சல். தாய்மாமனின் கடமைகள் என்னென்ன, பழத்தட்டைத் தானே கொண்டுவர வேண்டுமா என்று கேட்கிறார். ஆங்கிலம் குறையில்லை. நான்கு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எதற்கு என்று தெரியவில்லை. செண்பகராஜ் சொன்னதில் இந்த ஒன்று சரி.

கடைசி வரியில், மார்ச்சிலிருந்து தானும் ஆற்றைத் தாண்டுவதில்லை, அங்கே ஒரு காசு செலவழிப்பதில்லை என்று சபதம் என்கிறார்.

ஜூலை 18

பதில் அனுப்பினேன். கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்த முறைப்படி, பத்திக்கு ஒரு விஷயம். தட்டு தாய்மாமன் கொண்டுவர வேண்டும்: தோடு, துணி, தேங்காய், பழம். குழந்தை அழும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண் பெரியவளானால் அவர்தான் முதல் சேலை எடுத்து வர வேண்டும். கல்யாணத்தில் அவர் நிற்காமல் மணவறைக்குப் போக மாட்டாள். பிறகு அவள் பிள்ளைகளுக்கும் சீர் செய்முறை உண்டு. இது ஒரு காலைப்பொழுது வேலை அல்ல, ஆயுள் முழுக்க என்று முடித்தேன்.

ஜூலை 19

திரு. கோர்டனின் பதில் உடனே வந்துவிட்டது. தனக்கு அறுபத்தெட்டு வயது, கல்யாணம் வரை உறுதி கொடுப்பது நேர்மையாக இருக்காது என்கிறார். மன்னிப்பு மூன்று முறை. வேறு ஆள் இல்லை என்றால் மட்டும் உட்காருகிறேன் என்கிறார்.

ஒழுங்கான மனிதர். இதனால் எனக்கு இன்னும் கஷ்டம்.

ஜூலை 26

பொன்மணி வந்தாள். அவள் மகன் மணிகண்டபிரபுவின் பயோடேட்டாவைச் செண்பகராஜுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறதாம், அவன் கம்பெனியில் சொல்லிவிடச் சொல்லி. பதிலே இல்லையாம்.

"கனடான்னா யாரைனாலும் சேத்துக்கிடுவான், அமெரிக்காக்காரன் ஆள் பாத்துதான் எடுப்பான்னு தெரியும் மதினி. ஆனா ஊர்க்காரப் பையனுக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? அங்கன போனதும் அந்த ஊர்த் திமிரு இவனுக்கும் வந்துட்டு."

என் வீட்டில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டு.

கடிதத்துக்குப் பதில் போடாதது தப்புத்தான். அந்த அளவில் அவள் சொன்னது சரி. கேட்கிறேன் என்றேன்.

ஜூலை 28, திங்கள்

செண்பகராஜ் எடுக்கவில்லை. மருமகள் இந்துஜா எடுத்தாள். மணிகண்டபிரபு விஷயத்தைக் கேட்டேன். பேச்சை மாற்றினாள். மறுபடி கேட்டேன்.

அழுதுவிட்டாள்.

"அவரு வேலை போய் முப்பத்தஞ்சு நாள் ஆச்சு அத்தை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. இன்னொரு கம்பெனி விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கு. முடிவு தெரியுத மட்டும் நாட்டை விட்டு ஒரு எட்டு வெளிய வைக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. வச்சா திரும்ப விட மாட்டாங்களாம்."

ஆக, மார்ச்சிலிருந்து இருந்தது கோபம். ஜூனிலிருந்து இருப்பது பயம். வெளியே பேசுவது மட்டும் ஐம்பத்தோராவது மாநிலம்.

"தோடு மார்ச்சுக்கு முந்தியே வாங்கிட்டாரு அத்தை. பீரோவுல இருக்கு. ஜன்னல்ல நின்னு அந்தக் கரையையே பாத்துக்கிட்டு இருக்காரு."

போனை வைத்த பிறகு, சமையலுக்கு வரும் சொர்ணத்தாய் சோறு வைத்தாள். மோர் மட்டும் போதும் என்றேன். என் மகன் என்னிடம் பொய் சொன்னான். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்? இவர்கள் அப்பா பொய் சொல்லத் தெரியாமல் கடைசி வரை வியாபாரம் பார்த்தார்கள். நான் மட்டும் என்ன — அவர்கள் கடைசியாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கொஞ்சம் சளி" என்று தெருவுக்கு நான்தானே சொன்னேன்.

ஜூலை 29

சுதாராணிக்குச் சொல்லலாமா? இந்துஜா சத்தியத்தை மீறிச் சொன்னது. நான் இன்னொரு முறை மீறக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் அந்த வேட்டி மடியில் யாழினி உட்காருவாள்.

அவனே சொல்ல வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

ஜூலை 30

"வேலை போனது எனக்குத் தெரியும். இந்துஜாவைக் கோபிக்காதே. உன் தங்கைக்கு நீயே சொல்லு" என்றேன்.

"மாட்டேம்மா. அவ சிரிப்பா. அவ வீட்டுக்காரர் சிரிப்பாரு. அமெரிக்கான்னா இதுதாம்பாங்க."

"சிரிக்கட்டும் ஏலே! சிரிச்சா என்ன, உசிரா போயிரும்?"

கத்திவிட்டேன். சொர்ணத்தாய் அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தாள். அவன் வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 3

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7

ஒன்றும் இல்லை. கடலைமிட்டாய் வாங்கி வந்தேன். வழக்கமாக ஒரே பார்சலாய் அவனுக்கு அனுப்புவேன், அவன் அவளுக்குக் கொண்டுபோவான். இந்த வருடம் இரண்டாகக் கட்டச் சொன்னேன். கடைக்காரர் ஏன் என்று கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சுதாராணி போன் செய்தாள்.

"அண்ணன் எழுதியிருக்கான்மா. ரெண்டு பக்கம்." பிறகு, "உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவே இல்லையே."

"அது அவன் சொல்ல வேண்டியது."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் லைட்டு எரியுது. எந்த ஜன்னல்னு எனக்குத் தெரியும்மா. அஞ்சு மாசமா அதைப் பாத்துத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவனால வர முடியாதுன்னா நான் போறேன்."

மாப்பிள்ளைக்கு அமெரிக்க விசா இல்லை. இவளுக்கு இருக்கிறது, கனடாக் குடிமகளான குழந்தைக்குத் தேவையில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு தனியே சுரங்கப்பாதையில் கார் ஓட்டப் பயமாம். யார் கூட்டிப்போவது என்றேன். பார்க்கலாம் என்றாள்.

இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முடிந்தது. டெட்ராய்ட்டில், அவன் வீட்டு ஹாலில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும் அந்த இடத்தில். வீடியோவில் பார்த்தேன்.

காரை ஓட்டி வந்தவர் திரு. கோர்டன். வேட்டி கட்டியிருந்தார், ஒட்டிக்கொள்ளும் ரகம். ஆற்றைத் தாண்டிவிட்டார், ஆனால் சபதத்தின் மறுபாதியை மீறவில்லை: குடிதண்ணீரும் ரொட்டியும் வீட்டிலிருந்தே கொண்டுவந்து, மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குக் கை கூப்பினார். நானும்.

செண்பகராஜ் மெலிந்திருக்கிறான். யாழினி முதல் காதுக்கு அழவில்லை, இரண்டாவதற்கு வீடு இடிந்தது. அவன் அவளைவிட அதிகம் அழுதான். சுதாராணி அவன் தோளில் ஒரு அடி வைத்து, "பெரிய அமெரிக்காக்காரன், கண்ணைத் தொடைல" என்றாள்.

மாப்பிள்ளை வின்ட்சரிலிருந்து வீடியோவில் இருந்தார். குடும்பக் குழுவில் மறுபடி சேர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 18

விசா விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. இந்த முறை அவனே போன் செய்து சொன்னான். நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமாம். நன்றாக இருக்கிறேன் என்று மூன்று தடவை சொன்னான்.

செப்டம்பர் 20, சனி

காலையில் நானே தெருவைக் கடந்து பொன்மணி வீட்டுக்குப் போனேன். என் மகனுக்கு ஜூனிலிருந்து வேலை இல்லை, அதனால்தான் மணிகண்டபிரபுவுக்குப் பதில் எழுதவில்லை, திமிரால் அல்ல என்று சொன்னேன். அவள், "மதினி, இங்கன உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். வேறு எதுவும் அவள் சொல்லவில்லை. அவள் வீட்டுக் காப்பியில் சீனி அதிகம்.

பிறகு அவனுக்கு எழுதி அனுப்பினேன். நகல்:

செண்பகராஜுக்கு,

உன் தங்கை மாடி அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த ஊரில் உனக்கு வேலை பார்க்கலாம் என்கிறார்கள். அவர்கள் கேலி செய்வார்கள் என்று நினைத்தால், செய்வார்கள். கொஞ்ச நாள் கேட்டுக்கொள். நீயும் செய்தவன்தான்.

இங்கேயும் உன் அறை இருக்கிறது. பொன்மணிக்குச் சொல்லிவிட்டேன், ஆகவே தெருவுக்குத் தெரியும். நீ தலை குனிந்து வர வேண்டியதில்லை.

இரண்டில் எது என்பது உன் விருப்பமும் இந்துஜாவின் விருப்பமும். நான் எந்தக் கட்சியும் இல்லை.

போனில் சொல்லாதே. போனில் நீ நன்றாக இருப்பதாகத்தான் சொல்வாய். வின்ட்சரா, கோவில்பட்டியா என்று எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா