ருசி பார்க்க ஆளில்லாத அடுப்படி

சுரபாயா,
நோன்பு இருபத்தைந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். மாவு உருட்டி உருட்டிக் கைதான் மரத்துப்போய்விட்டது. இந்த வீட்டிலிருந்து இருபது வீடுகளுக்குப் பெருநாள் அன்பளிப்பாக அன்னாசி பிஸ்கட் போகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் காம்பு போல ஒரு கிராம்பைக் குத்த வேண்டும்.

முந்தாநாள் அடுப்பின் முன்னால் லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். வீட்டுக்கார அம்மா விதார்த்தி பதறிப்போய், தேநீர் கொடுத்து என் நோன்பை முறிக்க வைத்தார். கையோடு ஒரு பிஸ்கட்டையும் நீட்டினார்.

"நோன்புதான் போச்சே, இதக் கொஞ்சம் கடிச்சுப் பாருடி. நாங்க எல்லாரும் நோன்பு, யாராலயும் ருசி பார்க்க முடியல."

கடித்தேன். ஒரே உப்பு! சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியது அவரேதான்.

"அடிப்பாவி, நீ மட்டும் மயங்கலைன்னா இருபது வீட்லயும் என் மானம் போயிருக்கும்!"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து மாவு பிசைந்தேன், மறுபடி கிராம்பு குத்தினேன்.

பெருநாளுக்கு இங்கே விருந்தாளிகள் வருகிறார்களாம், எனக்கு விடுப்பு இல்லை. என் வெள்ளைத் தொழுகை அங்கியை அன்றைக்கு நீயே உடுத்திக்கொள். பெட்டியிலேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுப்பு மணி அடிக்கிறது, போக வேண்டும். விட்டுப்போன நோன்பை வேறொரு நாளில் பிடித்துவிடுவேன், கவலைப்படாதே அம்மா. பெருநாளைத்தான் அப்படிப் பிடிக்க வழியில்லை.

உன்
பர்த்தினி