செல்லுக்கு என்ன சாப்பாடு

ஆடி 4, ஞாயிறு
காலையிலிருந்து புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை. இடுப்பு வலி. மகள் வித்யா இன்றும் அம்பத்தூர் லேபுக்கு. லீவு நாளிலும் செல்லுக்குச் சாப்பாடு வைக்க வேண்டுமாம். மனிதத் தோலின் செல்லைத் தட்டில் வளர்த்து, சோப்பு, பினாயிலில் சேர்க்கும் ரசாயனத்தை அதில் விட்டுப் பார்ப்பது அவள் வேலை. முன்பெல்லாம் முயல் கண்ணில் விடுவார்களாம். உயிர்ப் பாவம் இல்லாத வேலை என்றுதான் அனுப்பினேன். கோயிலில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டு ரோசி அக்கா: "இன்னா வித்யாம்மா, செல்லுக்குச் சோறா? அத்துக்கு இன்னா வெப்பாங்கோ, இட்லியா?"

சிரித்தேன். நான் இதுவரை கேட்டதே இல்லை.

ஆடி 5, திங்கள்
கேட்டேன்.
"சிவப்பா ஒரு தண்ணிம்மா. சர்க்கரை, உப்பு, சத்து."
"வேற?"
தலை பின்னிக்கொண்டே நின்றாள். பிறகு, "கன்னுக்குட்டி ரத்தத்துல தெளிஞ்ச தண்ணி கொஞ்சம். சினை மாட்ட வெட்டறப்ப வயித்துல இருக்கற கன்னுகிட்டேர்ந்து எடுக்கறது. பாட்டில்ல வருது."
"தெரிஞ்சுதான் ஊத்துறியா?"
"தெரிஞ்சுதான்."
ரசம் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன்.

ஆடி 6, செவ்வாய். பிரதோஷம்
விரதம். நந்திக்குப் பால் அபிஷேகம். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பின்வரிசையிலேயே நின்றுவிட்டு வந்தேன். வித்யா வந்ததும் சொன்னேன், வேலையை விடு.
"நான் விட்டா வேற ஒருத்தி அதே பாட்டில ஊத்துவா. கன்னு ரத்தம் இல்லாத சாப்பாடு ஒண்ணு இருக்கும்மா. நான் மட்டும்தான் செல்ல அதுக்குப் பழக்கிட்டிருக்கேன். பொழைக்குதான்னு சனிக்கிழமை தெரிஞ்சிடும், அதுவரைக்கும் பொறு."

ஆடி 8, வியாழன். அமாவாசை
மாட்டுக்கு அகத்திக்கீரை, இரண்டு கட்டு. பால்காரர் மாடு ஏழு மாதச் சினையாம். வயிற்றைத் தொட்டேன். உள்ளே அசைந்தது. கையை எடுத்துவிட்டேன். முயலையும் நினைத்தேன். எதைப் பாவம் என்பது. யாரிடம் கேட்பது. மதியம் படுத்தவள் நான்கு மணிவரை எழுந்திருக்கவில்லை.

ஆடி 10, சனி
அரிசி ஊறப்போட மறதி. வித்யா ஆறரைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து அழுகை.
"புதுச் சாப்பாட்டுல செல்லு பாதி செத்துடுச்சும்மா. லேப் மேடம் பழைய சாப்பாட்டுக்கே போங்கறாங்க."
"மீதிப் பாதி?"
"உயிரோட தட்டுல ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன்."
காபி போட்டுக் கொடுத்தேன். "நாளைக்கு ஆறு மணி ரயிலுக்கே கெளம்பு" என்றேன்.