பிரைட்ஹோர்னுக்கு இந்தப் பக்கம்

3 அக்டோபர் 1988, திங்கள். ஹோர்சன்ஸ், டென்மார்க்

விடியவே மழை. சைக்கிளில் போனதில் முழங்காலுக்குக் கீழே முழுக்க ஈரம். இறைச்சித் தொழிற்சாலையில் காலை வேலை, குளிர் அறை.

மாலை, அகதிகளுக்கு உதவும் கிர்ஸ்டன் வீடு. செலினையும் அனிதாவையும் இங்கே கூப்பிட விண்ணப்பம் எழுதித் தந்தவர் அவர்தான். அனுப்பிப் பதினாறு மாதம். இன்று பகலும் கொப்பன்ஹேகன் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாராம். விண்ணப்பத்தை இன்னும் எடுத்துப் பார்க்கவில்லையாம். "இங்கே இப்படி நடப்பதில்லை, எங்கோ தவறு" என்றார். வெட்கப்பட்டவர் போல மூன்று முறை கோப்பி ஊற்றினார்.

பிறகு சொன்னேன்: மனைவியும் மகளும் இப்போது மன்னாரில் இல்லை. காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து, ஒன்பது நாளாக இத்தாலியில், தூரினில். கிர்ஸ்டன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இது விண்ணப்பத்துக்கு நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை.

வாங்க: பருப்பு, ஷேவ் பிளேட், சைக்கிள் பல்ப்.

4 அக்., செவ்வாய்

மழை விட்டது. காற்று.

நாலு மணிக்குச் செலின் போனில். நாளையோ மறுநாளோ மலையால் கொண்டுபோகிறார்களாம். பிள்ளையோடு ஏழு பேர்.

"சுற்றுலாக்காரர் மாதிரிக் கம்பி வண்டியிலை மேலை ஏறுறதாம். அங்கதான் எல்லையாம். மற்றப் பக்கம் ஐசிலை மூண்டு மணித்தியாலம் இறங்கினால் சுவிஸ்."

"மலைக்கு என்ன பேர்?"

"பிரைட்ஹோர்ன் எண்டவங்கள்."

டேனிஷில் 'பிறெட்' என்றால் அகலம். அகலக் கொம்பு. மலைக்கு இப்படியும் ஒரு பெயர்.

"காலுக்கு என்ன போட்டிருக்கிறீர்?"

"கன்வஸ் துணிச் சப்பாத்துத்தான்."

கொஞ்சம் பொறும், பேப்பர் வரும் என்றேன். "பதினாறு மாதம் பொறுத்தனான்தானே" என்றாள். அதோடு லைன் அறுந்தது.

5 அக்., புதன்

வெயில், ஆனால் குளிர்.

சாப்பாட்டு நேரம் பென்ட்டிடம் கேட்டேன். என்னோடு குளிர் அறையில் நிற்பவர். அந்தப் பக்கம் ஸ்கீ விளையாடப் போயிருக்கிறார். ஒரு பெட்டி மூடியில் பேனாவால் கீறிக் காட்டினார்: சிகரம், அதன் கீழே ஐஸ், நடுவே எல்லைக்கோடு. ஐசில் வெடிப்புகள் உண்டு, மேலே பனி மூடினால் தெரியாது, கயிறு கட்டித்தான் போனோம் என்றார்.

"கன்வஸ் சப்பாத்தோடு போகலாமா?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். யார் என்று கேட்கவில்லை. "போக வேண்டாம் என்று சொல்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தூரினுக்கு எடுத்தேன். அந்த வீட்டில் இருக்கும் வேறொரு பெண்:

"அவை காலமையே மலைக்கு வெளிக்கிட்டிட்டினம், அண்ணை."

6 அக்., வியாழன்

செய்தி இல்லை.

குளிர் அறை மைனஸ் இருபது. எனக்கு இரண்டு சோடி கையுறை, ரப்பர் சப்பாத்து, தலைக்குத் தொப்பி. அனிதாவுக்கு ஐந்து வயது.

பெட்டி எண்ணுவதில் இரண்டு தரம் பிழை. பென்ட் திருத்தினார்.

கூட இருக்கும் துரை அண்ணை தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தார். தொட்டுவிட்டு மூடிவைத்தேன். "செய்தி இல்லையெண்டால் போய்ச் சேர்ந்திட்டினம் எண்டு நினையும்" என்றார். செபமாலை பாதியில் நின்றது.

ஒன்று எழுதவேண்டும். செவ்வாய்க்கிழமை பொறும் என்று சொன்னபோது, நான் சொல்வதைக் கேட்காமல் அவள் வந்துவிட்டால் நல்லது என்றும் மனதில் இருந்தது. இருந்தது உண்மை.

7 அக்., வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று அறிவித்தேன். போனுக்குப் பக்கத்தில் கதிரை.

பத்து மணிக்கு அடித்தது. செலின்.

"எங்கை நிக்கிறீர்?"

"கீழை. இத்தாலியிலைதான். ஒரு கன்னியர் மடம்."

"பிள்ளை?"

"நித்திரை. சிஸ்டர் சூப் குடுத்தவ."

மேலே ஒரே புகாராம், மூடுபனி. நாலு அடிக்கு முன்னால் தெரியவில்லையாம். ஐஸ் தொடங்கும் இடத்தில் கூட்டிப்போனவன் அனிதாவைத் தன்னிடம் தரச் சொல்லியிருக்கிறான்.

"பிள்ளையைத் தா, தூக்கிக்கொண்டு முன்னாலை போறன், நீ பின்னாலை வா எண்டான். கையைப் பிடிச்சு இழுத்தான். ஆளையே தெரியாத புகாருக்கை எப்பிடிக் குடுக்கிறது? நான் விடேல்லை. அவங்கள் நடந்திட்டாங்கள்."

இவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பனியில் இருந்திருக்கிறாள். கடைசிக் கம்பி வண்டிக்காரன் கண்டு இரண்டு பேரையும் கீழே கொண்டுவந்திருக்கிறான். வலது காலில் இரண்டு விரல் மரத்துப்போய்விட்டது. சிஸ்டர் மருந்து கட்டுகிறாராம்.

"மற்ற அஞ்சு பேரும் சூரிச்சுக்குப் போய்ச் சேர்ந்திட்டினமாம். நான் பிழை விட்டிட்டனோ?"

"இல்லை."

"வடிவாச் சொல்லுங்கோ."

"இல்லை, செலின். நீர் செய்ததுதான் சரி."

கொஞ்ச நேரம் அழுதாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு சொன்னாள்: "இனி ஒருத்தனோடையும் வரமாட்டன். நீங்கள் வாங்கோ."

10 அக்., திங்கள்

மூடல் வானம். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல.

நேற்றுக் கிர்ஸ்டனிடம் சொன்னேன். இருவரும் இத்தாலியில் என்று கொப்பன்ஹேகனுக்குப் புதிதாக எழுதுகிறாராம். பதில் எப்போது என்று கேட்கவில்லை. என் அகதிப் பயணப் புத்தகத்தோடு போய்ப் பார்த்து வரலாமாம். அவர்களைக் கூட்டிவர முடியாது.

காலை போர்மனிடம் இரண்டு கிழமை லீவு கேட்டேன். எங்கே என்றார். இத்தாலி, மலைப்பக்கம் என்றேன்.

"விடுமுறைக்கா?"

ஓம் என்றேன். கொடுத்து வைத்தவன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.